கோபம் இரண்டு நிமிடம், தீர்ப்பு ராத்திரி வரை

என் மாமியாருக்குப் பக்கவாதம் வந்தபோது வயது 74. மூளையின் இடது பக்கத்தில் ரத்தக்குழாய் அடைப்பு. வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன, பேச்சும் போயிற்று. இந்த வகைப் பக்கவாதத்தில் சிலருக்கு எல்லாச் சொற்களும் போய் ஒரே ஒரு சொல் மட்டும் நாக்கில் தங்கிவிடும். அத்தைக்குத் தங்கியது "வேண்டாம்". தண்ணீர் கேட்பதற்கும் "வேண்டாம்", ஃபேனை நிறுத்தச் சொல்வதற்கும் "வேண்டாம்", பேரனைப் பார்த்துச் சிரிக்கும்போதும் "வேண்டாம்". பதினான்கு மாதம் அவரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டேன். அதன் பிறகு அவர் காலமானார்.

இந்த எழுத்து அவருடைய நோயைப் பற்றியதில்லை. அந்தப் பதினான்கு மாதத்தில் எனக்குள் வந்த உணர்ச்சிகளை நான் எப்படி நடத்தினேன் என்பதைப் பற்றியது. படுக்கையில் இருப்பவரைப் பார்த்துக்கொள்ளும் வீடு நம் ஊரில் தெருவுக்கு ஒன்றாவது இருக்கிறது. அந்த வீட்டுப் பெண்கள் இதைப் படித்தால் போதும் என்று நினைத்து எழுதுகிறேன்.

அன்றாட வேலை இதுதான். படுக்கைப் புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். கஞ்சி புரையேறாமலிருக்கத் தலையை நன்றாக உயர்த்தி, ஸ்பூனில் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்ட வேண்டும். டயப்பர் மாற்றுவது, துடைத்துவிடுவது, கை காலை மடக்கி நீட்டும் பயிற்சி. கணவர் காலையில் வேலைக்குப் போனால் இரவு எட்டு மணிக்கு வருவார். நாத்தனார் கோயம்புத்தூரில் இருந்தார்.

மூன்றாவது மாதம் எனக்குத் தூக்கம் போயிற்று. படுத்தால் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும். இசிஜி எடுத்துப் பார்த்தார்கள், இதயத்தில் ஒன்றுமில்லை. மனநல ஆலோசகரைப் பாருங்கள் என்று அனுப்பினார்கள். போய் உட்கார்ந்ததும், "எனக்கு ரொம்பக் கோபம் வருதுங்க" என்றேன்.

"கோபம் வந்தா எவ்வளவு நேரம் இருக்கும்?"

"ரெண்டு நிமிஷம். போயிடும்."

"அப்புறம்?"

அந்த "அப்புறம்" என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அவர் ஒரு வேலை கொடுத்தார். ஒரு நோட்டில் நடுவே கோடு போட வேண்டும். இடப்பக்கம், என்ன உணர்ச்சி வந்தது, எத்தனை மணிக்கு. வலப்பக்கம், அது வந்ததற்காக என்னை நானே என்ன சொல்லிக்கொண்டேன், அந்தப் பேச்சு எத்தனை மணி வரை ஓடியது. இரண்டு வாரம் எழுதிக்கொண்டு வாருங்கள் என்றார்.

நோட்டில் இருந்தவை

முதல் வாரம் வெள்ளிக்கிழமை. காலை எட்டே கால். இட்லியைப் பாலில் கரைத்து ஊட்டுகிறேன். மூன்றாவது ஸ்பூனில் அத்தை துப்பிவிட்டார். என் புடவையிலும் படுக்கை விரிப்பிலும் அது வழிந்தது. விரிப்பை அப்போதுதான் மாற்றியிருந்தேன். இடப்பக்கத்தில் "கோபம், 8.15" என்று எழுதினேன். விரிப்பை உருவி எடுத்து வாளியில் போடுவதற்குள் கோபம் போய்விட்டது. வலப்பக்கத்தில் எழுதியது இது: "வாய் செத்துப்போன கிழவி மேல கோபப்படறியே, நீயெல்லாம் மனுஷியா." இந்த வாக்கியம் துணி துவைக்கும்போது ஓடியது, மதியம் சமைக்கும்போது ஓடியது. கணவர் வந்து சாப்பிடும்போது அவர் முகத்தை நேராகப் பார்க்க முடியவில்லை. இரவு பத்தரைக்கு நோட்டை எடுத்தபோதும் அது நிற்கவில்லை.

பக்கத்துக்குப் பக்கம் இப்படித்தான் இருந்தது. இடப்பக்கத்தில் இருந்தவை நிமிடக் கணக்கு, வலப்பக்கத்தில் இருந்தவை மணிக்கணக்கு. என்னைத் தின்றுகொண்டிருப்பது கோபம் என்று மூன்று மாதமாக நினைத்திருந்தேன். என் கையெழுத்தே அது இல்லை என்று காட்டியது.

பொறாமையும் இருந்தது. நாத்தனார் குடும்பத்தோடு கொடைக்கானல் போய்வந்து வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ் வைத்திருந்தார். ஏரியில் படகு, கையில் சோளக்கதிர். பார்த்ததும் வயிற்றில் ஒரு சூடு. அதற்கு வலப்பக்கத்தில், "அவ சந்தோஷம் உனக்குப் பொறுக்கலையா, எவ்வளவு கேவலமான புத்தி" என்று எழுதியிருக்கிறேன்.

சந்தோஷமும் தப்பவில்லை. ஒரு நாள் வங்கிக்குப் போய்த் திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. ஒதுங்கிய டீக்கடையில் பள்ளிக்கூடத்துத் தோழி நின்றுகொண்டிருந்தாள். இருபது நிமிடம் பேசினோம். எங்கள் கணக்கு டீச்சர் குடையை மறந்துவிட்டு வகுப்பில் தேடியதை அவள் நடித்துக் காட்ட, டீ புரையேறும் அளவுக்குச் சிரித்தேன். மழை விட்டு நாலு எட்டு வைப்பதற்குள் வந்துவிட்டது: "வீட்டுல ஒரு ஜீவன் அசைய முடியாம கிடக்கு, உனக்குச் சிரிப்பு கேக்குதா." கூடவே அம்மாவின் குரலும். சின்ன வயதில் நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தால், "ரொம்பச் சிரிக்காதீங்கடி, பின்னாடி அழ வேண்டி வரும்" என்பார். வீட்டுக்கு வந்து அத்தையைப் புரட்டிப் படுக்க வைக்கும் வரைக்கும் ஏதோ கெட்டது நடக்கப்போகிறது என்ற பயம்.

நான்கு கட்டங்கள்

நோட்டைப் பார்த்த ஆலோசகர், வந்த உணர்ச்சி ஒன்று, அதன் மேல் நாம் சொல்லும் தீர்ப்பு வேறொன்று, தீர்ப்பு சொல்வது ஒரு பழக்கம் என்றார். அதன் பிறகு நானே தேடிப் படித்தேன். உளவியலில் இதைத் தனியாகவே ஆராய்ந்திருக்கிறார்கள். எமிலி வில்ரோத், ஜெரால்ட் யங், மாயா தமீர், ஐரிஸ் மாஸ் ஆகிய நால்வர் 2023இல் 'எமோஷன்' ஆய்விதழில் வெளியிட்ட கட்டுரை என் நோட்டுக்கு மிக அருகில் வந்தது. 2017க்கும் 2022க்கும் இடையே ஐந்து குழுக்களில் மொத்தம் 1,647 பேரிடம் கேட்டிருக்கிறார்கள். நல்ல உணர்ச்சி, கெட்ட உணர்ச்சி என்று நாம் சாதாரணமாகச் சொல்கிற இரண்டையும், அவற்றை மக்கள் நல்லது என்று எடுத்துக்கொள்கிறார்களா கெட்டது என்று எடுத்துக்கொள்கிறார்களா என்பதையும் சேர்த்துப் பார்த்தால் நான்கு தனித்தனிப் பழக்கங்கள் கிடைக்கின்றன. சந்தோஷத்தை நல்லதாக ஏற்பது, சந்தோஷத்தைத் தப்பென்று நினைப்பது, துக்கம் கோபம் பயம் இவற்றை நல்லதாக எடுத்துக்கொள்வது, அவற்றையே தப்பென்று நினைப்பது. ஒரே ஆளிடம் இந்த நான்கும் வெவ்வேறு அளவில் இருக்கலாம். காலப்போக்கில் ஓரளவு மாறாமல் நிற்கவும் செய்கின்றன, அதனால்தான் பழக்கம் என்கிறார்கள்.

இந்த நான்கில் எது மனநலத்தோடு தனியாகத் தொடர்புள்ளது என்று பார்த்தபோது இரண்டுதான் நின்றன. சந்தோஷத்தை நல்லதென்று ஏற்கிற பழக்கம் உள்ளவர்களின் மனநலம் மேலாக இருந்தது. வருத்தமான உணர்ச்சிகளைத் தப்பென்று தீர்ப்பு சொல்கிற பழக்கம் உள்ளவர்களின் மனநலம் தாழ்ந்திருந்தது. பிறகொரு நாள் கேட்டபோதும் இதே போக்குத்தான் தெரிந்தது.

இந்த இடத்தில் நான் கட்டுரையை மூடிவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அம்மாவின் "பின்னாடி அழ வேண்டி வரும்" என்ற வாக்கியந்தான் என் நோய்க்கு வேர் என்று அதுவரை முடிவு செய்து வைத்திருந்தேன். சந்தோஷத்தைத் தப்பென்று நினைப்பதுதானே அது? ஆனால் மற்ற மூன்றையும் கணக்கில் எடுத்த பிறகு, அந்தக் கட்டத்துக்கு அப்படித் தனியான கனம் இருப்பதாக இந்த ஆய்வு காட்டவில்லை. மறுபடி நோட்டைப் புரட்டினேன். இரண்டு வாரத்தில் எந்த ஒரு வலப்பக்கத்திலும் "சிரிச்சது நல்லா இருந்துச்சு" என்று ஒரு வரி இல்லை. சந்தோஷத்தை அவ்வப்போது திட்டியிருந்தேன் என்பதைவிட, ஒரு தடவைகூட அதை "வா" என்று கூப்பிட்டு உட்கார வைக்கவில்லை என்பது பெரிய காலியிடமாகத் தெரிந்தது. அம்மா மேல் இருந்த வருத்தம் அன்றைக்குக் கொஞ்சம் இறங்கியது.

இன்னொன்றும் கவனித்தேன். கோபத்தை "நல்லது" என்று சொல்லப் பழக வேண்டுமோ என்று முதலில் நினைத்தேன். எனக்கு அது வரவே வரவில்லை. நோய்ப்பட்டவர் மேல் வரும் கோபத்தை எப்படி நல்லது என்பது? வருத்தமான உணர்ச்சிகளை நல்லதாக எடுத்துக்கொள்வதற்கும் இந்த ஆய்வில் தனிப்பலன் நிற்கவில்லை என்று படித்தபோது நிம்மதியாக இருந்தது. கோபத்தைப் பாராட்ட வேண்டியதில்லை, கூண்டில் ஏற்றாமல் விட்டால் போதும். ஆனால் ஜெர்மனியில் 14 வயது முதல் 88 வயது வரையிலான 365 பேரை மூன்று வாரம் மொபைல் வழியாக அவ்வப்போது கேட்டு நடத்திய ஓர் ஆய்வு, 2016இல் வந்தது, கொஞ்சம் வேறு மாதிரி சொல்கிறது. வருத்தமான மனநிலையிலும் பொருளும் பயனும் உண்டு என்று மதிப்பவர்களிடம், அந்த மனநிலைக்கும் உடல்நலக் குறைவுக்கும் உள்ள பிணைப்பு தளர்ந்திருந்தது. இரண்டையும் நான் மறுக்கவில்லை. என் நோட்டிலேயே அதற்கு ஒரு சாட்சி உண்டு. கஞ்சி ஊட்டும்போது புரையேறிவிடுமோ என்று வரும் பயத்தை நான் ஒருநாளும் திட்டியதில்லை. "பயம் இருக்கறதாலதான் மெதுவா ஊட்டறேன்" என்றே எழுதியிருக்கிறேன். அந்தப் பயம் ஊட்டி முடித்ததும் போய்விடும். படுக்கை வரை பின்தொடர்ந்து வந்ததில்லை.

அத்தையின் அழுகை

என்னுடையதை மட்டும் சொன்னால் பாதி வீடுதான். அத்தைக்குத் திடீர் திடீரென்று அழுகை வரும். யாராவது பார்க்க வந்து "எப்படி இருக்கீங்க" என்று கேட்டால் போதும், குலுங்கி அழுவார். நாத்தனார் ஒருமுறை வந்திருந்தபோது, "நம்மள எல்லாம் பார்த்தா அம்மாவுக்கு நடிப்பு கூடிடுது அண்ணி" என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன், வாய்விட்டுச் சொல்லவில்லை. பக்கவாதத்துக்குப் பிறகு அழுகையையும் சிரிப்பையும் அடக்கும் மூளைப் பாதைகள் பழுதாவது உண்டு, சின்னத் தூண்டுதலுக்கே கண்ணீர் கொட்டும், அவர் நினைத்தாலும் நிறுத்த முடியாது என்று டாக்டர் பிறகு விளக்கினார். எங்கள் எல்லாருக்கும் முகம் சுண்டிப்போயிற்று.

ஆனால் நோய் மட்டுமே காரணம் என்றும் எனக்குத் தோன்றவில்லை. கல்லூரியில் தமிழ் படித்தவள் நான். தொல்காப்பியம் அழுகைக்கு நான்கு காரணங்கள் சொல்கிறது: இளிவு, இழவு, அசைவு, வறுமை. இதில் அசைவு என்பதற்கு, பழைய நிலை கெட்டு வேறாகிப்போய் வருந்துவது என்று உரை சொல்வார்கள். நாற்பது பேருக்குத் தனியாகச் சமைத்துப் பரிமாறிய கை, இப்போது ஸ்பூன் பிடிக்காது. அவர் அழுததற்கு இதைவிடச் சரியான சொல் எனக்குக் கிடைக்கவில்லை. அதே இடத்தில் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டையும் ஒரே வரிசையில் வைத்திருப்பதும் அப்போதுதான் உறைத்தது. இது நல்லது, இது கெட்டது என்று அங்கே இரண்டாகப் பிரிக்கவில்லை. பரீட்சைக்கு மனப்பாடம் செய்தபோது இதைக் கவனித்ததே இல்லை.

அதன் பிறகு அத்தை அழுதால் "அழாதீங்க" என்று சொல்வதை நிறுத்தினேன். கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருப்பேன். அழுகை தானாக வடியும். எனக்கு நான் செய்துகொள்ள வேண்டியதை முதலில் அவருக்குச் செய்துதான் கற்றுக்கொண்டேன்.

ஏற்றுக்கொண்டது எது

'ஏற்றுக்கொள்' என்ற சொல்லில் பெண்களுக்கு ஒரு பொறி இருக்கிறது. நம் வீடுகளில் அந்தச் சொல்லுக்கு 'வாயை மூடிக்கொண்டு செய்' என்று அர்த்தம். ஆலோசகர் அதைச் சொன்னபோது எனக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது.

பிரெட் ஃபோர்டும் ஐரிஸ் மாஸும் மற்றவர்களும் சேர்ந்து 2018இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாக்கியது. மூன்று விதமாகச் சோதித்திருக்கிறார்கள். ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களிடம், 'இப்படி நான் உணரக்கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்' என்பது போன்ற வாக்கியங்கள் எவ்வளவு பொருந்தும் என்று கேட்டார்கள். நூற்றைம்பது பேருக்கு மேல் ஆய்வகத்துக்கு அழைத்து, இரண்டு நிமிடம் தயாராகச் சொல்லி, வேலைக்கு விண்ணப்பிப்பதுபோல் கேமரா முன் மூன்று நிமிடம் பேச வைத்தார்கள். இன்னும் இருநூறு பேருக்கு மேல் இரண்டு வாரம் நாட்குறிப்பு எழுதினார்கள், ஆறு மாதம் கழித்து அவர்களின் மனநலம் எப்படி இருக்கிறது என்று பார்த்தார்கள். வரும் உணர்ச்சியைத் தீர்ப்பில்லாமல் விடுகிறவர்கள் நெருக்கடியில் குறைவாகத் தவித்தார்கள், பிறகும் நலமாக இருந்தார்கள். இதில் நான் பிடித்துக்கொண்டது ஒரு சிறு வேறுபாட்டை. நன்மை, மனதில் வருவதை ஏற்பதோடு சேர்ந்து இருந்தது. சூழ்நிலையை அப்படியே ஏற்பதோடு அது சேரவில்லை.

அதாவது, கோபத்தை ஏற்கலாம், தனி ஆளாக எல்லாம் செய்ய வேண்டும் என்ற ஏற்பாட்டை ஏற்க வேண்டியதில்லை. கொடைக்கானல் ஸ்டேட்டஸுக்கு நான் எழுதிய "கேவலமான புத்தி" என்பதை அடித்துவிட்டு, பொறாமை என்ன கேட்கிறது என்று பார்த்தேன். அது படகு கேட்கவில்லை. ஒரு முழு நாள் கேட்டது. அன்று இரவு கணவரிடம் சொன்னேன்: "ஞாயிற்றுக்கிழமை உங்க அம்மாவை நீங்க பாருங்க. நான் வீட்டில இருந்தாலும் கூப்பிடக்கூடாது." முதல் ஞாயிறு டயப்பர் மாற்றத் தெரியாமல் திணறினார். மூன்றாவது ஞாயிறு தனியாகவே குளிப்பாட்டிவிட்டார். நாத்தனார் மாதம் ஒருமுறை இரண்டு நாள் வந்து தங்க ஒப்புக்கொண்டார்.

என் தூக்கம் திரும்பியதற்கு நோட்டு மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளுக்கும் அதில் பாதிப் பங்கு உண்டு. நான் சொன்ன ஆய்வுகளும் அமெரிக்காவிலும் ஜெர்மனியிலும் நடந்தவை, தொடர்பைக் காட்டுகிறவை, இதனால்தான் இது நடந்தது என்று அறுதியிட்டு நிறுவுகிறவை இல்லை. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமையைக் கேட்கும் தைரியம் தீர்ப்பு நின்ற பிறகுதான் எனக்கு வந்தது. "நீயெல்லாம் மனுஷியா" என்று தன்னையே திட்டிக்கொண்டிருப்பவளுக்கு உதவி கேட்க வாய் வராது.

நிம்மதி

அத்தை ஒரு விடியற்காலையில், தூக்கத்திலேயே போய்விட்டார். பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவினர் எல்லாம் கிளம்பிய இரவு, நான் அலாரம் வைக்காமல் படுத்தேன். பதினான்கு மாதத்தில் முதல் தடவையாக ஏழு மணி நேரம் எழாமல் தூங்கினேன். காலையில் கண் விழித்ததும் வந்தது நிம்மதி. அதைத் தொடர்ந்து வலப்பக்கம் என்ன வரும் என்று எனக்குத் தெரியும், காத்துக்கொண்டே இருந்தேன். வந்தது, ஆனால் பழைய குரலில் பாதிதான் இருந்தது. காபி குடித்து முடிப்பதற்குள் போயிற்று.

அதற்கடுத்த வாரம் நாத்தனார் போன் செய்தார். வெகுநேரம் சுற்றி வளைத்துப் பேசிவிட்டு, "அண்ணி, அம்மா போனது எனக்கு ஒரு பக்கம் நிம்மதியா இருக்கு. நான் பொண்ணு தானா?" என்று அழுதார். எனக்கும் அப்படித்தான் இருந்தது என்றேன். அவரால் நம்ப முடியவில்லை. அமெரிக்காவில் ஜார்ஜ் பொனானோவும் டாக்கர் கெல்ட்னரும் 1990களில் செய்த ஆய்வு ஒன்றைச் சொன்னேன். துணையை இழந்து ஆறு மாதமானவர்களிடம் அந்த இழப்பைப் பற்றியே பேசச் சொல்லி, முகங்களைப் பதிவு செய்து பார்த்தார்கள். நடுவில் கண்ணும் சேர்ந்து சிரிக்கும் உண்மையான சிரிப்பு வந்தவர்களிடம் மனவேதனை குறைவாகவே இருந்தது. துக்கத்துக்குள்ளே சிரிப்பும் நிம்மதியும் வந்தால் பாசம் குறைச்சல் என்று அர்த்தமில்லை என்றேன். பிறகு இரண்டு பேரும் அத்தையின் "வேண்டாம்"களைப் பேசிக்கொண்டிருந்தோம். கடைசி தீபாவளிக்குப் புதுப்புடவையைக் காட்டியபோது கண் விரிய, "வேண்டாம், வேண்டாம், வேண்டாம்" என்று சொன்னாரே, அதைச் சொல்லி நாத்தனார் சிரித்தார். நானும் சிரித்தேன்.

நோட்டில் ஒரு பக்கத்தை மட்டும் நான் திருத்தவில்லை. பத்தாவது நாள், இரவு இரண்டு மணி. டயப்பர் மாற்றும்போது அத்தை நல்ல கையால் என்னைத் தள்ளிக்கொண்டே இருந்தார். அந்த மணிக்கட்டை இறுகப் பிடித்து அழுத்திவிட்டேன். மறுநாள் அங்கே கன்றியிருந்தது. இடப்பக்கத்தில் "கோபம்" என்று இருக்கிறது, அதன் மேல் இன்று எனக்கு எந்தத் தீர்ப்பும் இல்லை. ஆனால் பிடித்தது உணர்ச்சி இல்லை, என் கை. அன்று காலையே கணவரிடம் அந்தத் தழும்பைக் காட்டிச் சொன்னேன். இரவு நேரத்துக்கு ஓர் ஆயாம்மா ஏற்பாடு செய்தோம், சம்பளத்துக்கு என் வளையலை அடகு வைத்தோம். அத்தையிடம் மன்னிப்புக் கேட்டேன். "வேண்டாம்" என்றார். என்ன அர்த்தத்தில் சொன்னார் என்று எனக்கு இன்றும் தெரியாது.